நான்கு வசனங்களில் ஒரு கல்யாணம்: பாக்கின் 196ஆம் கண்டாட்டாவைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இளவயதில் எழுதிய ஒரு சின்னக் கண்டாட்டா உண்டு. ‘டெர் ஹெர் டெங்கெட் அன் உன்ஸ்’ என்பது அதன் பெயர். நம் வேதாகமத் தமிழில் சொன்னால் ‘கர்த்தர் நம்மை நினைத்திருக்கிறார்’. பாக்கின் படைப்புகளை வரிசைப்படுத்திய பட்டியலில் இதற்கு பி.டபிள்யூ.வி. 196 என்று எண். முழுதாகக் கேட்க 10 முதல் 13 நிமிடம் போதும். கேட்டு முடித்ததும் ஒரு கல்யாண வீட்டுக்குள் போய், வாழ்த்திவிட்டு வந்த நிறைவு இருக்கும்.

பாக்கைக் கேட்க ஆசைப்படும் பலர் மூன்று மணி நேரப் பெரும்படைப்பு ஒன்றில் தொடங்கி, பாதியில் களைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. இந்தக் கண்டாட்டாதான் என்னைத் திரும்ப உள்ளே அழைத்துப் போனது. ஐந்தே பகுதிகள், நான்கே வேத வசனங்கள். ஜெர்மன் தெரியாத தமிழர் ஒருவர் ஒரு வாரத்தில் இதை நெருங்கிப் பழகிவிடலாம். அதற்கான வழியை என் அனுபவத்திலிருந்து படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒரு வார்த்தை முன்கூட்டியே. கண்டாட்டா என்பது ‘பாடப்படுவது’ என்ற பொருள் கொண்ட இத்தாலியச் சொல். 1600களிலும் 1700களிலும் ஜெர்மனியின் லுத்தரன் ஆலயங்களில் ஆராதனையின் நடுவே குரல்களும் கருவிகளும் சேர்ந்து வழங்கிய பல பகுதி கொண்ட இசைக்கு இந்தப் பெயர் நிலைத்தது. ஞாயிறுக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று வாழ்க்கையின் எல்லா நாளுக்கும் எழுதினார்கள். இது கல்யாணத்துக்கானது.

படி 1: இசையைத் தொடும் முன் 115ஆம் சங்கீதத்தைத் திறங்கள்

இந்தக் கண்டாட்டாவில் கவிஞர் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. 115ஆம் சங்கீதத்தின் 12 முதல் 15 வரையான வசனங்கள், கடைசியில் ஒரு ஆமென், அவ்வளவுதான். பாக் இசையமைத்தது சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு. நம்மிடம் இருக்கும் பழைய தமிழ் வேதாகமம் அதற்கு அருமையான துணை. வாய்விட்டு வாசியுங்கள்:

‘கர்த்தர் நம்மை நினைத்திருக்கிறார், அவர் ஆசீர்வதிப்பார், அவர் இஸ்ரவேல் குடும்பத்தாரை ஆசீர்வதிப்பார், அவர் ஆரோன் குடும்பத்தாரை ஆசீர்வதிப்பார். கர்த்தருக்குப் பயப்படுகிற பெரியோரையும் சிறியோரையும் ஆசீர்வதிப்பார். கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் வர்த்திக்கப்பண்ணுவார். வானத்தையும் பூமியையும் படைத்த கர்த்தராலே நீங்கள் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள்.’

வாசித்தாயிற்றா? இப்போது மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். முதலில் ‘நம்மை’. பிறகு ‘கர்த்தருக்குப் பயப்படுகிற’ எல்லோரும், அதாவது ‘அவர்கள்’. பிறகு சட்டென்று எதிரில் நிற்பவரைப் பார்த்து ‘உங்களையும் உங்கள் பிள்ளைகளையும்’. கடைசியில் ‘நீங்கள்’. நம்மிடம் தொடங்கி ஊரெல்லாம் சுற்றி, மணமக்கள் முன்னால் வந்து நிற்கிறது வாழ்த்து. இந்தக் கண்டாட்டாவைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த திறவுகோல் இதுதான். இனி வரும் எல்லாப் படிகளிலும் இதைப் பிடித்துக்கொண்டே நடப்போம்.

இங்கே தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜெர்மனில் ‘உன்ஸ்’ என்ற ஒரே சொல்தான். ‘நம்மை’யா ‘எங்களை’யா என்று அது பிரித்துச் சொல்லாது. நம் மொழி சொல்லியே ஆக வேண்டும். இதே சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: ‘எங்களுக்கு அல்ல, கர்த்தாவே, எங்களுக்கு அல்ல’. அது கடவுளிடம் பேசுவது, அதனால் ‘எங்களுக்கு’. 12ஆம் வசனத்தில் பேச்சு சக மனிதரிடம், அதனால் ‘நம்மை’. பாடுகிறவர், கேட்கிறவர், மணமக்கள், கடைசி பெஞ்சில் தாமதமாக வந்து உட்கார்ந்தவர், எல்லோரும் அந்த ‘நம்மை’க்குள் அடக்கம். பாக் தேர்ந்தெடுத்த பகுதி அந்த ‘நம்மை’யோடுதான் தொடங்குகிறது.

லுத்தரின் வாசகம் நம்முடையதிலிருந்து சில இடங்களில் விலகும். அவற்றையும் தெரிந்துகொண்டால் காது தயாராகும். நம் வேதாகமம் ‘பெரியோரையும் சிறியோரையும்’ என்கிறது. லுத்தர் ‘க்ளைன உண்ட் க்ரோஸ’, சிறியோரும் பெரியோரும் என்று சிறியவர்களை முன்னால் வைக்கிறார். நம்மிடம் ‘வர்த்திக்கப்பண்ணுவார்’ என்று ஒரே வினையில் அடங்கியது, அவரிடம் ‘ஆசீர்வதிப்பாராக, மேலும் மேலும்’ என்று விரிகிறது. அந்த ‘மேலும் மேலும்’ பாடலில் எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம். இன்னொன்று, நாம் ‘குடும்பத்தார்’ என்னுமிடத்தில் ஜெர்மனில் ‘ஹவுஸ்’, அதாவது வீடு. ‘அவங்க வீட்ல கல்யாணம்’ என்று நாம் சொல்லும்போது வரும் அதே வீடு.

படி 2: யாருடைய கல்யாணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

யோஹான் செபாஸ்டியன் பாக் 1685இல் ஐசனாக்கில் பிறந்தவர். பத்து வயதுக்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். 18 வயதில் ஆர்ன்ஷ்டாட் ஊரில் ஆர்கன் வாசிப்பாளர். 1707இல் மியூல்ஹவுசன் நகரத்துப் புனித பிளாசியுஸ் ஆலயத்தில் வேலை கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தாய்வழி மாமா ஒருவர் இறந்து, அவருக்கு 50 குல்டன் விட்டுச் சென்றார். சம்பளமாக ஆண்டுக்கு 85 குல்டனும் கொஞ்சம் தானியமும் விறகும் பெற்ற இளைஞருக்கு அது பெரிய தொகை. வேலை இருக்கிறது, கையில் காசு இருக்கிறது. அக்டோபர் 17 அன்று, 22 வயதில், கல்யாணம்.

மணப்பெண் மரியா பார்பரா. அவரும் பாக் குடும்பத்தவரே, தூரத்து உறவு. திருமணம் நடந்தது ஆர்ன்ஷ்டாட்டுக்குப் பக்கத்தில் உள்ள டோர்ன்ஹைம் என்ற கிராமத்துச் சின்ன ஆலயத்தில். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. மணமுடித்து வைத்த போதகர் யோஹான் லோரென்ஸ் ஷ்டௌபர்.

இங்கேதான் கதை சுவையாகிறது. அந்தப் போதகர் மனைவியை இழந்தவர். சில மாதம் கழித்து, 1708 ஜூன் 5 அன்று, அவரே மறுமணம் செய்துகொண்டார். மணந்தது ரெகினா வேடமனை, அதாவது மரியா பார்பராவின் சித்தி முறை உறவினரை. நேற்று தங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவருக்கு இன்று தம் வீட்டிலேயே பெண். பாக் தம்பதிக்கு அது எவ்வளவு நெருக்கமான கல்யாணமாக இருந்திருக்கும்!

19ஆம் நூற்றாண்டில் பாக்கின் வாழ்க்கையை விரிவாக எழுதிய ஃபிலிப் ஷ்பிட்டா, இந்தக் கண்டாட்டா அந்த மறுமணத்துக்கு எழுதப்பட்டதாகக் கருதினார். வசனத்திலிருந்தே அதற்குத் தடயம் எடுத்தார். ‘ஆரோன் குடும்பத்தார்’ என்றால் ஆசாரிய குடும்பம். மாப்பிள்ளை போதகர் என்றால் அது எவ்வளவு பொருத்தம்! பாக் தன் கைப்பட எழுதிய பிரதி பிழைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது 1730களின் தொடக்கத்தில், பாக் பின்னாளில் வேலை பார்த்த லைப்ஸிக் நகரத்தின் தாமஸ் பள்ளி மாணவர் யோஹான் லுட்விக் டீட்டெல் எடுத்த நகல். அதில் எந்த மணமக்களின் பெயரும் இல்லை. ஆகவே இதற்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இசையின் பழைய பாணி, வசனத்தின் பொருத்தம் இரண்டையும் வைத்து 1707–08 காலத்துக் கல்யாண இசை என்று கணிக்கிறார்கள். பாக்கின் சொந்தக் கல்யாணத்துக்கே எழுதியதாக நினைப்பவர்களும் உண்டு.

எனக்கு ஷ்பிட்டாவின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ‘ஆரோன் வீடு’ என்ற அந்த ஒரு சொல், ஆர்கன் வாசிப்பவரின் கல்யாணத்தைவிடப் போதகரின் கல்யாணத்தில் எத்தனையோ மடங்கு பிரகாசமாக ஒலிக்கும். கூடியிருந்தவர்கள் அந்த இடம் வந்ததும் மாப்பிள்ளையைப் பார்த்துப் புன்னகைத்திருப்பார்கள் என்று நினைக்கப் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். 1706 ஜூலையில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பாக் கல்யாணம் முடித்தது அதற்கு அடுத்த ஆண்டு. இருவரும் லுத்தரன்கள், இருவர் கையிலும் இருந்தது லுத்தரின் ஜெர்மன் வேதாகமம். ஒருவர் அதை இசையாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், மற்றவர் வேதத்தைத் தமிழில் கொண்டுவரத் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்தார். தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கண்டாட்டாவைக் கேட்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

படி 3: இரண்டு பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஏனென்றால் இந்த இசையை எத்தனை பேர் பாட வேண்டும் என்பதிலேயே இன்று இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன.

முதலாவது, மசாகி சுசுகியும் அவருடைய பாக் கொலேகியம் ஜப்பானும் செய்த பதிவு. அவர்களுடைய கண்டாட்டா வரிசையின் முதல் தொகுதியிலேயே இது இருக்கிறது. சிறிய பாடகர் குழு பாடும். சத்தம் தெளிவாக, ஒளி ஊடுருவுவது போல இருக்கும்.

இரண்டாவது, கொன்ராட் யுங்ஹேனல் நடத்திய காண்டுஸ் கோல்ன் குழுவின் பதிவு. இதில் ஒரு குரலுக்கு ஒரே ஆள், ஆக மொத்தம் நான்கு பாடகர்கள். கிராமத்து ஆலயத்தில், உறவுக்காரர்கள் நடுவே நடந்த கல்யாணத்தை நினைத்தால் இந்த அளவு மிகவும் இயல்பாகப் படும். எனக்கு இதுவே அதிகம் பிடித்தது. ஆனால் முதல் நாளில் இதைக் கேட்காதீர்கள். முதல் பதிவின் குழுவில் பழகிவிட்டு இதற்கு வந்தால்தான் நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்பது விளங்கும்.

இரண்டிலும் சுருதி நம் வீட்டுக் கீபோர்டோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழங்காலக் கருவிகளில் வாசிக்கும் குழுக்கள் சுருதியை ஏற்றியோ இறக்கியோ வைப்பது வழக்கம்.

இசை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையத்தளத்தில் பழைய அச்சுப் பதிப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தெரியாதவர்களுக்கு அது தேவையே இல்லை. வசனம் எழுதிய ஒரு துண்டுத்தாள் போதும். ஜெர்மன் வரிகளின் உச்சரிப்பைக் கீழே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

படி 4: முதல் தடவை சும்மா கேளுங்கள்

தாள் வேண்டாம், குறிப்பு வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு முடித்து, வீடு அடங்கிய பிறகு, 12 நிமிடம். நடுவில் நிறுத்தாதீர்கள். எங்கே மனம் தானாக நிமிர்ந்து உட்கார்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த இடத்தை மறுநாள் காலையில் நினைவிலிருந்து எழுதி வையுங்கள்.

படி 5: ஐந்து பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்

ஒரு நாளைக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றையும் மூன்று நான்கு தடவை.

முதல் பகுதி, சின்ஃபோனியா. பாட்டு இல்லை, கருவிகள் மட்டும்: இரண்டு வயலின், ஒரு வயோலா, கீழே செல்லோவும் ஆர்கனும். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று நொண்டிக்கொண்டு நடப்பது போன்ற தாளம். அந்தக் காலத்தில் அரச ஊர்வலத்துக்கும் பெரியவர்கள் வருகைக்கும் இந்த நடைதான் அடையாளம். இங்கே அதை மெல்ல, பணிவாக வைத்திருக்கிறார் பாக். கீழே ஆர்கனும் செல்லோவும் விடாமல் நடத்திச் செல்லும் வரிக்குக் கண்டினுவோ என்று பெயர். நம் கச்சேரியில் தம்புரா இல்லாவிட்டால் எப்படி இருக்குமோ, பரோக் இசையில், அதாவது பாக் காலத்து இசையில், இது இல்லாவிட்டால் அப்படி. ஆனால் தம்புரா ஒரே இடத்தில் நிற்கும், இது நடந்துகொண்டே இருக்கும். முதல் நாள் முழுக்க இந்தக் கீழ் வரியை மட்டும் கேளுங்கள். அதைப் பிடித்துவிட்டால் மற்றது எல்லாம் மேலே தானாக அமர்ந்துகொள்ளும்.

இரண்டாம் பகுதி, பாடகர் குழு. இங்கே ‘நம்மை’ வருகிறது. ‘டெர் ஹெர் டெங்கெட் அன் உன்ஸ், உண்ட் ஸேக்னெட் உன்ஸ்.’ ஸேக்னெட் என்றால் ஆசீர்வதிக்கிறார். இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கண்டாட்டா முழுக்க இதுதான் உங்களுக்கு வழி காட்டும். லுத்தரின் வாசகம் நிகழ்காலத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நினைக்கிறார், ஆசீர்வதிக்கிறார். இந்த நிமிடத்தில், இந்த ஆலயத்தில்.

பிறகு நடுவே ஃபியூக் வருகிறது. ‘ஏர் ஸேக்னெட் டாஸ் ஹவுஸ் இஸ்ராயெல்’ என்று ஒரு குரல் தொடங்கும். அது முடித்து நகரும்போது இரண்டாவது குரல் அதே வரியை எடுக்கும். பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. ஒருவர் பாடியதை அடுத்தவர் எடுத்துக்கொள்ள, முன்னவர் அதற்கு வேறொரு வரியால் துணை போவார். கல்யாண வீட்டில் ஒவ்வொரு உறவாக வாசலில் நுழைந்து, வந்தவர் உட்கார்ந்து பேச்சில் சேர்ந்துகொள்ள, அடுத்தவர் நுழைவது போல. முதலில் இரைச்சலாகத் தோன்றலாம். அப்படியென்றால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: ‘ஹவுஸ்’ என்ற சொல் எங்கெல்லாம் காதில் விழுகிறதோ அங்கெல்லாம் விரலை மடக்குங்கள். இரண்டு தடவை இப்படிக் கேட்டால் இரைச்சல் கலைந்து, வீடு நிரம்புவது புலப்படும்.

மூன்றாம் பகுதி, சோப்ரானோவின், அதாவது குழுவின் மிக உயர்ந்த குரலின், தனிப்பாட்டு. குழு முழுவதும் அடங்கி ஒரே குரல். கூட வருவது இரண்டு வயலின்கள், ஆனால் இரண்டும் ஒரே வரியை வாசிக்கின்றன. அதாவது மேலே ஒரு குரல், ஒரு வயலின் வரி, கீழே கண்டினுவோ. இவ்வளவு எளிமை. இசையின் சாயலும் பிரகாசமான மேஜரிலிருந்து சற்று மங்கலான மைனருக்கு மாறிவிடுகிறது. ‘ஏர் ஸேக்னெட், டீ டென் ஹெர்ன் ஃப்யூர்ஷ்டென்’, கர்த்தருக்குப் பயப்படுகிறவர்களை ஆசீர்வதிக்கிறார். இங்கே பேச்சு ‘அவர்கள்’ பற்றியது. அதனால்தானோ என்னவோ, கொண்டாட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் சன்னலோரம் விலகி நின்று யோசிப்பது போல இருக்கிறது.

நடுப்பகுதியில் மட்டும் சொல் மாறும்: ‘பைட, க்ளைன உண்ட் க்ரோஸ’, சிறியோரும் பெரியோரும் இருவருமே. பிறகு தொடக்கம் அப்படியே திரும்ப வரும். நம் கீர்த்தனையில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் சுகம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பாக் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் கையாண்ட அமைப்பு இது. இங்கே அது இன்னும் ஒரு மொட்டு. இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். நான் ஆரம்பத்தில் அப்படித்தான் கடந்தேன். இப்போது முழுக் கண்டாட்டாவிலும் நான் அதிகம் திரும்பிப் போவது இந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குத்தான்.

நான்காம் பகுதி, டெனரும் (உயர்ந்த ஆண் குரல்) பாஸும் (தாழ்ந்த ஆண் குரல்) சேர்ந்து பாடும் இருவர் பாட்டு. இதற்குத்தான் இவ்வளவு நேரமும் வசனம் நம்மைத் தயார்ப்படுத்தியது. இதுவரை யாரும் மணமக்களின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இப்போது இரண்டு ஆண் குரல்கள் நேராகத் திரும்பிச் சொல்கின்றன: ‘டெர் ஹெர் ஸேக்ன ஓய்ஷ்’, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ‘யே மேர் உண்ட் மேர்’, மேலும் மேலும். ‘ஓய்ஷ் உண்ட் ஓய்ர கிண்டர்’, உங்களையும் உங்கள் பிள்ளைகளையும்.

மூன்று எண்ணிக்கையில் அகலமாக, ஆற அமர நடக்கிறது இசை. ஒரு குரல் சொன்னதை மற்றது பின்தொடர்ந்து சொல்கிறது. குரல்கள் ஓயும்போது தந்திக் கருவிகள் பேச்சை வாங்கிக்கொள்கின்றன. ‘மேலும் மேலும்’ என்ற சொல்லை ஒருவர் சொல்லி முடிக்கும் முன் அடுத்தவர் சொல்ல, வாழ்த்து உண்மையிலேயே மேலும் மேலும் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. சொல் சொல்வதை இசை செய்து காட்டுகிறது. பெரியவர்கள் இருவர் அட்சதை போட்டுவிட்டும் நகராமல், ‘நல்லா இருங்க, நல்லா இருங்க’ என்று கையைப் பிடித்துக்கொண்டே நிற்பார்களே, எனக்கு அந்தக் காட்சிதான் வரும்.

இதைக் கேட்கும்போது இன்னொரு விஷயமும் மனதில் இருக்கட்டும். பாக் தம்பதியின் முதல் குழந்தை கத்தரீனா டோரதேயாவுக்கு 1708 டிசம்பர் 29 அன்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்படியென்றால் அந்த ஜூன் மாதக் கல்யாணத்தின்போது மரியா பார்பரா கருவுற்றிருந்தார். பின்னால் அவர்களுக்கு ஏழு பிள்ளைகள் பிறந்து, மூன்று பேர் சிசுவிலேயே போனார்கள். 1720 ஜூலையில், அப்போது தான் பணியாற்றிய இளவரசருடன் கார்ல்ஸ்பாட் ஊருக்குப் போயிருந்த பாக் வீடு திரும்பியபோது, மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. இசையில் அந்தத் துக்கம் ஒரு துளியும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனாலும் ‘உங்களையும் உங்கள் பிள்ளைகளையும்’ என்ற வரி வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஐந்தாம் பகுதி, மறுபடி எல்லோரும். ‘ஈர் ஸைட் டீ கெஸேக்னெட்டன் டெஸ் ஹெர்ன்’, நீங்கள் கர்த்தரால் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள். வாழ்த்து இப்போது வேண்டுதலாக இல்லை, உறுதிச் சொல்லாகிவிட்டது. இருவர் சொன்னதை ஊரே சேர்ந்து சொல்கிறது. வானமும் பூமியும் வந்த பிறகு ஆமென் தொடங்கும். இரண்டே அசை கொண்ட அந்த ஒற்றைச் சொல்லில் ஒரு முழு ஃபியூக். ஒரு குரல் ஓட, ஒரு குரல் நிற்க, மற்றொன்று குறுக்கே வர, எங்கே திரும்பினாலும் ஆமென். இரண்டாம் பகுதியில் ‘ஹவுஸ்’ எண்ணிப் பழகியவர்களுக்கு இது கொண்டாட்டமாக இருக்கும்.

படி 6: ஒரே குரலின் பின்னால் போங்கள்

இப்போது காண்டுஸ் கோல்ன் பதிவுக்கு மாறுங்கள். நான்கு பேர்தான் பாடுகிறார்கள் என்பதால் ஒருவரைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக முடியும். என் யோசனை, டெனரைப் பிடியுங்கள். குழுவின் நடுவில் ஒளிந்திருக்கும் அந்தக் குரல் இரண்டாம் பகுதியில் ‘நம்மை’ என்று சொல்லும், மூன்றாம் பகுதியில் மௌனமாகக் கேட்கும், நான்காம் பகுதியில் ‘உங்களை’ என்று முன்னால் வரும், ஐந்தாவதில் திரும்பக் கூட்டத்தில் கலந்துவிடும். ஒரு மனிதர் கல்யாணத்துக்கு வந்து போன கதை போல இருக்கும். மறுநாள் பாஸ். சோப்ரானோவுக்கு அடுத்த குரலான ஆல்ட்டோ பாடுகிறவருக்கு இதில் தனிப்பாட்டே இல்லை. அதனால் கடைசி நாளில் அவருக்காக ஒரு தடவை கேளுங்கள், ஃபியூக்குகளில் அவர் செய்யும் வேலை அப்போதுதான் தெரியும்.

படி 7: இதற்குப் பிறகு

அதே காலத்துக் கண்டாட்டாக்களில் 131 (130ஆம் சங்கீதம், ஆழத்திலிருந்து கூப்பிடும் பாட்டு), சாவுக்காக எழுதிய 106 இரண்டையும் கேளுங்கள். இருபது வயதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒருவர் கல்யாணத்தையும் மரணத்தையும் இப்படி எழுதினார் என்பதே வியப்பு. கல்யாணத்துக்கென்று பாக் லைப்ஸிக் காலத்தில் எழுதிய 195, 197 இரண்டும் இதைவிடப் பெரியவை. மணமுறைக்கு முன் ஒரு பாகம், பின் ஒரு பாகம் என்று பிரித்து வழங்க அமைத்தவை. எக்காளமும் முரசும் முழங்கும். 202 மிகப் பிரபலம், ஆனால் அது ஆலயத்துக்கானது அல்ல, விருந்துக்கானது. வேறு சுவை.

படி 8: உங்கள் ஆலயத்தில் பாட விரும்பினால்

நம் ஊர் ஆலயங்களில் நான்கு குரல் பாடும் கொயர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. கல்யாண ஆராதனையில் 128ஆம் சங்கீதம் வாசித்துப் பழகிய நமக்கு 115ஐப் பாடுவது அந்நியமாக இருக்காது.

முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். மூன்றாம் பகுதியில் தொடங்குங்கள். ஒரு சோப்ரானோ, ஒரு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஆர்கன் அல்லது கீபோர்டு. நான்கு பேர் போதும். இரண்டு வயலினும் ஒரே வரி வாசிப்பதால் ஒருவர் இருந்தாலே இசை குறையாது. அடுத்து நான்காம் பகுதி. இரண்டு ஃபியூக்குகளையும் கடைசியில் வையுங்கள், அவற்றுக்குப் பொறுமையான ஒத்திகை தேவை. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாட வைத்து, பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்து, மெதுவான வேகத்தில் வார்த்தையில்லாமல் ‘லா’ என்று பாடிப் பழகிய பிறகே ஜெர்மனைச் சேருங்கள். ‘ஸேக்னெட்’டில் முதல் எழுத்து நம் ‘ச’ அல்ல, தேனீ ரீங்கரிப்பது போன்ற ஒலி. ‘ஓய்ஷ்’ஷின் கடைசி ஒலி நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்துக்கு அருகே வைத்து மெதுவாகக் காற்று விடுவது. ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இதெல்லாம் சரியாகிவிடும்.

வசனத்தின் தமிழை ஆராதனை முறைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். எந்த வரியை யார் பாடுகிறார்கள் என்றும் போடுங்கள்.

எங்கே நின்று பாடுவது என்பதும் முக்கியம். இரண்டாம் பகுதிக்குக் குழு சபையைப் பார்த்து நிற்கட்டும், அது ‘நம்மை’. சோப்ரானோ அங்கேயே, கொஞ்சம் ஒதுங்கி. நான்காம் பகுதிக்கு டெனரும் பாஸும் மட்டும் இறங்கி வந்து, மணமக்கள் பக்கம் திரும்பி, அவர்கள் கண்ணைப் பார்த்துத் தொடங்கட்டும். கையில் இசைத்தாள் இருந்தால் முகம் மறையும். அதனால் அந்த ஒரு பகுதியை மட்டுமாவது இருவரும் மனப்பாடமாகப் பாட வேண்டும்.